வீட்டுப் பெயர்கள் மட்டும்

அத்தியாயம் 14

பள்ளி வாரியத்தின் கடிதம் வந்து ஆறு நாட்கள் ஆகிவிட்டன. லுட்மிலா அதை ஒருமுறைதான் படித்தாள். இரண்டாவது முறை படிக்க அதில் ஒன்றுமில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, தேர்தலில் நிற்பதற்காகக் கம்யூனிஸ்டுக் கட்சி வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிய மனுவில் அவள் பெயர் இருக்கிறது. அப்படிப்பட்ட எந்தக் கட்சியோடும் தனக்கு எந்நாளும் தொடர்பில்லை என்று இந்த வருடம் மார்ச்சில், எல்லா ஆசிரியர்களையும் போல, அவளும் சத்தியம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதை வாரியத்தின் முன் வந்து விளக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

இன்று செவ்வாய்க்கிழமை.

அந்தக் கையெழுத்து அவளுடையது அல்ல. யாருடையது என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. கடிதத்தில் இருந்ததை அவள் சொன்னபோது அம்மா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"அது நான் போட்டதுடி," என்றாள்.

மூன்று வீடு தள்ளியிருந்த பார்ட்கோ வீட்டுக்காரி தாளும் பேனாவுமாக வந்தாளாம். பையன்களைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போகாமலிருக்க ஊரே கையெழுத்துப் போடுகிறது என்றாளாம். அப்போது தம்பி ஆண்டிக்குப் பத்தொன்பது வயது. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கியிருக்கிறாள்.

பார்ட்கோ வீட்டுக்காரி செத்து எட்டு வருடம் ஆகிறது. ஆண்டியை எப்படியும் போருக்குக் கொண்டுபோனார்கள். வலது காது கேட்காமல் திரும்பி வந்தான்.

அம்மா, சுஸ்கா ஹுடாக், பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் அல்ல. ஸ்லோவாக்கியாவில் வாத்து மேய்த்தாள். பதினேழு வயதில் கப்பலேறி, பிட்ஸ்பர்குக்கு அருகே இந்த ஆற்றங்கரைக்கு வந்து, இரும்பாலைத் தொழிலாளி ஒருவனைக் கட்டிக்கொண்டாள். லுட்மிலா முதல் வகுப்பில் படித்தபோது அவளுடைய நோட்டின் மேல் மெல்லிய தாளைப் போட்டு, தெரிகிற எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டிப் பழகினாள். அப்படி வந்ததுதான் அவள் கை. அது மகளின் கை. அதே சாய்வு, பெயர் முடியும் இடத்தில் அதே சுழி.

அவளுக்கு எழுத வந்தவை வீட்டுப் பெயர்கள் மட்டும். அதுவும் சர்ச்சுக்காக. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பாதிரியார் பூசை வைப்பார். சீட்டில் எழுதிக் கொடுக்கும் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசிப்பார். யார் பெயராவது விட்டுப்போனால் அந்த மாதம் அவருக்கு ஆகாது என்பது அந்தத் தெருப் பெண்களின் எண்ணம். ஒரே ஒரு முறை அம்மா சீட்டுக் கொடுக்கவில்லை. அந்த மாதம்தான் ஆலையில் அப்பாவின் மேல் கிரேன் கொக்கி அறுந்து விழுந்தது.

இன்று காலையும் சமையலறை மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். லுட்மிலா. ஆண்டி. ஆண்டியின் மனைவி. மூன்று குழந்தைகள். ஒவ்வொரு பெயரையும் எழுதி முடித்ததும் பென்சிலைத் தூக்கி, ஊதிவிட்டு, அடுத்ததற்குப் போனாள்.

லுட்மிலா கோட்டை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன்," என்றாள் அம்மா. "நான் போட்டேன்னு சொன்னா முடிஞ்சுது. பல்லு புடுங்கறவன்தானே அங்க தலைவர்? அவன்கிட்ட என்னடி பயம்?"

"உனக்குக் குடியுரிமைக் காகிதம் இல்லம்மா."

"நாப்பத்திமூணு வருஷமா இங்கதானே இருக்கேன்."

இதைப் பற்றி ஞாயிறு முழுவதும் பேசியாயிற்று. குடியுரிமைக்கு நீதிபதி எழுதச் சொல்வார் என்ற பயத்தில் அம்மா அந்தப் பரீட்சைக்குப் போகவே இல்லை. வெளிநாட்டுக்காரி, அந்தக் கட்சியின் மனுவில், இன்னொருத்தி பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் விடமாட்டார்கள். பக்கத்து ஊரில் எழுபது வயதுத் தையல்காரர் ஒருவரை இதைவிடச் சின்ன விஷயத்துக்கு நாடு கடத்தக் கொண்டுபோனார்கள். அவருடைய நாடு அவரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மாதமாகக் காவலில் இருக்கிறார்.

லுட்மிலா ஒரு முடிவோடுதான் இருந்தாள். கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டேன். இருபத்திரண்டு வயது, புத்தியில்லை. அதற்கு மேல் எதுவும் இல்லை. வேலை போகும். வேலை மட்டும் போகும்.

வெளியே ஆண்டி ஹாரனை அடித்தான்.

*

ஆண்டி ஆற்றுக்கு அக்கரையில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்தான். கடற்படைக்கு மோட்டார் செய்யும் பிரிவு. வாசலில் காட்டப் படம் ஒட்டிய அடையாள வில்லை ஒன்று உண்டு. போன வாரம் இரண்டு பேரிடம் அந்த வில்லையை வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் செய்த குற்றம், மச்சானோடு ஏதோ கூட்டத்துக்குப் போனது.

"உண்மையைச் சொல்லிடுக்கா," என்றான். கண் சாலையில் இருந்தது. "அறுபது வயசுக் கிழவி. எழுதப் படிக்கத் தெரியாதவ. யாரோ நீட்டினா, போட்டா. அவங்களும் மனுஷங்கதானே."

"தையல்காரரும் கிழவர்தான்."

"அவர் கட்சிக்குச் சந்தா கட்டின ஆளு. அம்மா அப்படியா?"

தெருமுனையில் வாரியத் தலைவர் டாக்டர் வின்ஸ்லோவின் சுவரொட்டி இருந்தது. பல் மருத்துவர். அடுத்த மாதம் மாநில சட்டசபைக்கு நிற்கிறார். படத்தில் வெள்ளைக் கோட்டுடன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, நம் வகுப்பறைகளைச் சுத்தம் செய்வோம் என்று எழுதியிருந்தது. லுட்மிலாவின் கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்தவரும் அவர்தான்.

"இவருக்கு நாலு மாசமா ஒரு வாத்தியார் சிக்கல," என்றான் ஆண்டி. "தேர்தலுக்கு நாலு வாரம் இருக்கு. நீ கெடைச்சிருக்க."

பள்ளி வாரியக் கட்டிடத்தின் முன் வண்டியை நிறுத்தினான். லுட்மிலா இறங்குவதற்கு முன், அம்மாவை எந்தக் காரணத்துக்காகவும் இங்கே கூட்டி வரக் கூடாது என்று தணிந்த குரலில் சொன்னாள். அவன் தலை அசைந்தது போலிருந்தது. அவள் உட்கார்ந்திருந்தது அவனுடைய வலது பக்கம், கேட்காத காதின் பக்கம்.

படியேறும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். வண்டி போய்விட்டது.

*

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நீள மேசையில் டாக்டர் வின்ஸ்லோவும் இரண்டு உறுப்பினர்களும். ஓரத்தில் தட்டச்சு செய்யும் பெண். சன்னலருகே, மடியில் சாம்பல் நிறத் தொப்பியை வைத்துக்கொண்டு ஒருவர். அவர் பிட்ஸ்பர்கிலிருந்து வந்திருக்கிறார், சும்மா கவனிக்க, என்றார் வின்ஸ்லோ. அவர் பெயரைச் சொல்லவில்லை.

வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள்.

ஒரு தாளை அவள் முன் தள்ளினார்கள். இருபத்தைந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கையெழுத்து, ஒரு முகவரி. பாதிப் பெயர்கள் அவள் தெரு. கடைசி வரியில், தாளின் விளிம்பை ஒட்டி, லுட்மிலா ஹுடாக்.

அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. நாம்தான் போட்டோமோ.

"இப்போதைக்கு வந்திருக்கிறது இந்த ஒரு தாள்தான்," என்றார் வின்ஸ்லோ. "மீதி வெள்ளிக்கிழமைக்குள்ள தலைநகர்லேருந்து வந்துடும். இது உங்க கையெழுத்தா, மிஸ் ஹுடாக்?"

"ஆமா."

தட்டச்சு இயந்திரம் ஒரு முறை அடித்து நின்றது.

அவள் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். படிக்கவில்லை. போர் வேண்டாம் என்கிற மனு என்றார்கள். யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். பார்ட்கோ வீட்டுக்காரி என்றாள். அவர் எங்கே என்றார்கள். கல்லறையில் என்றாள்.

"செத்தவங்க பேரைச் சொல்றது எல்லாருக்கும் சுலபமா வருது," என்றார் உறுப்பினர் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

பிறகு வின்ஸ்லோ கண்ணாடியைக் கழற்றினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய மென்மையான குரல் அவருக்கு. பதினோரு வருடம் வேலை செய்திருக்கிறாள், ஒரு புகாரும் இல்லை, நாலாம் வகுப்புப் பெற்றோர்கள் மூன்று பேர் அவளுக்காகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள், பெயர் போடாமல்தான், என்றார். வாரியத்துக்கும் இதை இழுக்க விருப்பமில்லை. உடல்நலம் காரணமாக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் கதவுக்கு வெளியே எதுவும் போகாது. பத்திரிகையில் வராது. அவள் தம்பி வேலை செய்யும் இடத்துக்கும் போகாது.

அவர் ஆண்டியைச் சொன்னபோது தொப்பிக்காரர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லுட்மிலா இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். பேனாவையும் கொடுத்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் வின்ஸ்லோ. "பதிவுக்காக. அன்னிக்கு வீட்ல வேற யார் இருந்தா?"

"அம்மா."

"அவங்க கையெழுத்துப் போடலையா?"

"அம்மாவுக்கு எழுதத் தெரியாது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு எளிதாக வந்தது என்று கவனித்தாள். தட்டச்சு இயந்திரம் அதையும் அடித்தது. அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

ஆண்டி முதலில் வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்னால் அம்மா. பூசைக்குப் போட்ட கறுப்புக் கோட்டு, பூப்போட்ட தலைத்துணி. பூசை முடிந்து நேரே வந்திருக்கிறாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றான் ஆண்டி. "எங்க அம்மா ஒண்ணு சொல்லணுமாம். சொன்னா எல்லாம் தெளிவாயிடும்."

லுட்மிலா எழுந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, குழம்பிப் போயிருக்கிறாள் என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அம்மா மேசை வரை நடந்து வந்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் சேர்த்த ஆங்கிலத்தை வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தாளின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது நான். பொண்ணு போடல. பொண்ணு அன்னிக்கு வீட்லயே இல்ல. நான் போட்டேன்."

வின்ஸ்லோ தட்டச்சுப் பெண் பக்கம் திரும்பி, கடைசியாக அடித்ததைப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. வீட்டு மொழியில் கேட்டாள்.

"எனக்கு எழுதத் தெரியாதுன்னா சொன்ன?"

"எழுதச் சொன்னா எழுதாதம்மா," என்றாள் லுட்மிலா அதே மொழியில். "ஒரு கோடு மட்டும் போட்டுட்டு வந்துடு. உன் கால்ல விழறேன்."

"இங்கிலீஷ்ல பேசுங்க," என்றார் வின்ஸ்லோ.

ஒரு வெள்ளைத் தாளை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். அம்மா உட்கார்ந்தாள். கோட்டின் கைப்பகுதியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். லுட்மிலா திறந்து வைத்திருந்த பேனாவையே எடுத்தாள். அவசரப்படவில்லை. லுட்மிலா ஹுடாக். கடைசிச் சுழியைப் போட்டு, பேனாவைத் தூக்கி, ஊதினாள்.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். நெடுநேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆண்டியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா," என்றான்.

வின்ஸ்லோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பார்த்தோம். கையெழுத்து என்னோடதுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னீங்க, மிஸ் ஹுடாக். அம்மாவுக்கு எழுதத் தெரியாதுன்னும் சத்தியம் பண்ணிச் சொன்னீங்க. ரெண்டும் பொய். இல்லன்னா ஆறு நாளா வீட்ல உக்காந்து உங்க கையெழுத்தை அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. வாத்தியார்தானே. இதுல எதுன்னு நான் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்ல."

தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, கதவைத் திறந்து வையுங்கள், வெளியே பத்திரிகைக்காரர் காத்திருக்கிறார் என்றார்.

சன்னலருகே இருந்தவர் எழுந்து வந்தார். அம்மா எழுதிய தாளை இரண்டாக மடித்தார். எல்லோரையும்விட மரியாதையாக அவர்தான் பேசினார்.

"அழகா எழுதறீங்கம்மா. உங்க குடியுரிமைக் காகிதம் வீட்ல இருக்கா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அவர் பாராட்டியதற்கு நன்றியும் சொன்னாள்.

*

ஒரு மணிக்கு வீட்டில் இருந்தார்கள். ஆண்டியின் வேலை மூன்று மணிக்கு. வானொலியில் நியூயார்க் அணிகள் இரண்டும் மோதும் கடைசி பேஸ்பால் ஆட்டம். சமையலறை மூலையில் நாற்காலியைப் போட்டு, கேட்கிற காதைப் பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

வரும் வழியில் அவன் நிறையப் பேசிவிட்டான். வக்கீல் பார்க்கலாம். பாதிரியாரிடம் சொல்லலாம். கிழவியை என்ன செய்துவிடுவார்கள். லுட்மிலா அவனைத் திட்ட வேண்டும் என்று நினைத்தாள். வார்த்தைகள் இருந்தன. எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

"நேத்தே ஃபோர்மேன்கிட்ட கேட்டேன்க்கா," என்றான் இப்போது, வானொலியிலிருந்து முகத்தைத் திருப்பாமல். "அக்கா பேர் வந்தா கொஞ்ச நாள் முறைப்பாங்க. அவ்வளவுதான். அந்தத் தாள்ல என் பேரே இருந்தாத்தான் வில்லையைக் கழட்டுவாங்கன்னான். அந்த மட்டும் தப்பிச்சோம். மூணு குழந்தைங்க சாப்பிடணும். உங்களையும் நான் பாத்துக்குவேன்."

அம்மா முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கி மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். ஆண்டி வானொலிக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டான். லுட்மிலா கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் வகுப்பில் இந்நேரம் யார் நிற்கிறார்களோ. கரும்பலகையில் நேற்று அவள் எழுதியதை அழித்திருப்பார்கள்.

தெருவில் ஒரு வண்டி மெதுவாகப் போனது. மூவரும் அதைக் கவனிக்காதது போல இருந்தார்கள். அது நிற்கவில்லை.

"நல்லா எழுதினேனா?" என்று கேட்டாள் அம்மா.

லுட்மிலா நிமிர்ந்தாள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கை நடுங்கிடும்னு நெனச்சேன். நடுங்கல."

"நல்லா எழுதினம்மா."

"தெரியாதுன்னு சொல்லிட்டியே."

"தப்புதாம்மா."

அம்மா அதை ஏற்றுக்கொண்டாள். மேசையில் சிந்தியிருந்த ரொட்டித் தூளைக் கையால் ஒரு ஓரத்துக்குக் கூட்டினாள். எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாள் ஒரு தாள்தான் வெச்சிருந்தான்," என்றாள்.

"ஆமா."

"பார்ட்கோக்காரி கொண்டுவந்தது நாலஞ்சு தாள். அதுல ஒண்ணுல உன் பேர் எழுதினதோட எடம் தீந்து போச்சு. அதான் ஓரத்துல போய் இடிச்சுது. அடுத்த தாளை எடுத்துக் குடுத்தா."

லுட்மிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு அடுத்த தாள்?"

வானொலியில் கூட்டம் இரைந்தது. ஆண்டி ஒலியைக் கூட்டினான். பிறகு மணியைப் பார்த்தான். எழுந்து கதவுக்குப் பின்னால் தொங்கிய மேல்சட்டையை மாட்டிக்கொண்டான். பையிலிருந்து வில்லையை எடுத்து, படம் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக் குத்திக்கொண்டான். அவர்களுக்கு அவன் காட்டிக்கொண்டிருந்தது வலது பக்கம்.

"பையன்களுக்காகன்னுதானே சொன்னா," என்றாள் அம்மா. "அவன் பேரை விட்டுட்டு எழுதுவேனா?"